நாலு மடங்கு சூடு

ஹீட் பம்ப் என்றால் என்ன என்று ஜவ்வாது மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க அதைப் பற்றியே படித்தேன், அதைப் பற்றியே பேசினேன், அகப்பட்டவர்களை எல்லாம் நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். தூரத்தில் என் தலையைக் கண்டதும் ஆட்கள் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கும் அளவுக்குப் போய்விட்டது.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் படவேடு. மலைக்கு மாற்றலாகி வந்தபோது, "ரெண்டு வருஷந்தான், அப்பறம் எறங்கிடலாம்" என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு வருடம் இருபது வருடமாகி, ஒரு காங்கிரீட் வீடு கட்டி, இரண்டு கறவை மாடு வாங்கி இங்கேயே உட்கார்ந்துவிட்டோம். வீடு என்னுடையது, மாடு அவளுடையது. அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தோம். மாட்டைப் பார்த்துக்கொள்ள தினமும் வேலை இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருடமாக அவளுக்குக் கைவிரல் மூட்டுகளில் வீக்கம். வெயில் மாதங்களில் அடங்கிக் கிடக்கும். மார்கழி வந்தால் காலையில் விரல் மடங்காது. டம்ளரைப் பிடித்தால் நழுவும். கீழே டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "குளிர் ஆகாதும்மா" என்றார். போன தையில் வலி தாங்காமல் மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். போகும் முன் மாடுகளைப் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டில் கட்டிவிட்டுப் போனாள். நான் டீக்கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, மனைவி இல்லாத மனிதன் எப்படித் துன்பப்படுகிறான் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "இந்தக் குளுருக்கும் கை இப்படியே இருந்திச்சின்னா, மாட்ட வித்துட்டு நான் ஒடுகத்தூர்லயே ஒரு ரூம் பாத்துக்கினு இருந்துக்கறேன். நீங்க வர்றதுன்னா வாங்க. இல்லன்னா இங்கயே இருங்க."

சண்டையில் சொல்லியிருந்தால் நான் காதில் போட்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் பயந்துபோனேன். மலையை விட்டு இறங்க எனக்கு மனம் இல்லை. அவளை விட்டு இருக்கவும் எனக்குத் தெரியாது. ஆக, இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரே வழி குளிரை ஒழிப்பதுதான் என்று முடிவு செய்தேன். வாத்தியார் புத்தி அப்படித்தான் போகும். விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த கணக்கைப் பிறகு போடும்.

கம்பி சிவந்து எரியும் சாதாரண ஹீட்டரை நான் மதிக்கவே இல்லை. அது ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்று ஒரு யூனிட் சூட்டைத் தரும், அவ்வளவுதான். செல்போனில் தேடித் தேடிப் படித்ததில் ஹீட் பம்ப் கிடைத்தது. அது வேறொன்றுமில்லை, திருப்பிப் போட்ட ஏசி. ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இது வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொட்டுகிறது. சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. சுமக்கிற கூலிதான் மின்சாரம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட், நாலு யூனிட் சூடு கிடைக்கும். அந்த எண்ணுக்கு சி.ஓ.பி. என்று பெயர். நாலு என்றால் நாலு மடங்கு. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கழுத்தில் பட்டை மாட்டியிருந்த விற்பனையாளர் என்னை ஒரு மெஷின் முன்னால் நிறுத்தினார்.

"சார், இது அஞ்சு ஸ்டார்."

"எதுக்கு அஞ்சு ஸ்டார்?"

"கரண்டு மிச்சத்துக்கு சார்."

"குளிர வெக்கும்போதா, சூடு பண்ணும்போதா?"

அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே சுற்றிய மின்விசிறியையும் ஒருமுறை பார்த்தார். "ரெண்டுக்கும்தான் சார். ஸ்டாருக்குத் தெரியுமா, நீங்க எந்த பட்டன அமுக்குவீங்கன்னு?"

ஸ்டாருக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். மெஷினில் ஒட்டியிருந்த லேபிளை விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த நட்சத்திரம் அஞ்சும் அறையைக் குளிரவைப்பதற்காக வாங்கிய மதிப்பெண். வேலூர் வெயிலில் அது முதல் மாணவன். மார்கழி விடியற்காலையில் மலைமேல் அது பாஸா பெயிலா என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. கணக்கில் நூறு வாங்கியவனைக் கூட்டிவந்து தமிழ்ப் பாடம் நடத்தச் சொல்கிற கதைதான் இது என்றேன்.

"சார், நீங்க வாத்தியாரா?"

"ஆமா."

"நெனச்சேன்" என்றார். ஒரு டீ வரவழைத்தார்.

டீ குடித்து முடிப்பதற்குள் யாருக்கோ போன் போட்டு, சூடு தருவதற்கென்றே செய்த ஒரு மாடலின் துண்டுப் பிரசுரத்தை உள்ளேயிருந்து எடுத்துவந்தார். மூன்று மடிப்பு, பின்பக்கம் பொடி எழுத்து. அதில்தான் விஷயம் இருந்தது. வெளியே ஏழு டிகிரி இருக்கும்போது ஒரு சி.ஓ.பி. அதைவிடக் குளிர்ந்தால் இன்னொன்று, முதலாவதைவிட நன்றாகக் குறைவு. மூன்றாவதாக, சீசன் முழுவதற்குமான சராசரி என்று ஒரு எண் கொட்டை எழுத்தில். எந்த ஊர் சீசன் என்று தேடினேன். பனி பெய்து கார் மூடிக்கிடக்கும் ஏதோ ஒரு தேசத்து சீசன். அந்த ஊர்க்காரர்கள் எந்த மாதம் கதவைச் சாத்துவார்கள், எந்த மாதம் திறப்பார்கள் என்று கணக்குப் போட்டு எடுத்த சராசரியை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் என்ன செய்வது? ஆனால் இதை எல்லாம் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மெஷினை வாங்கிவிட்டேன். ஏமாற்ற வந்தவனை மடக்கிவிட்ட திருப்தியில் வாங்குகிறவனைப்போல் நல்ல வாடிக்கையாளர் எந்தக் கடைக்கும் கிடைக்க மாட்டார்.

மெஷின் மினி வேனில் மலையேறி வந்த அன்று பக்கத்து நிலத்துக்காரரும் வந்து நின்றார். சாமையும் புளியும்தான் அவர் பிழைப்பு. என்னைவிட நாலு வயது மூத்தவர். என் பாடத்துக்கு அகப்பட்டவர்களில் ஓடாத ஒரே மனிதர். விளக்கினேன்.

"இன்னா வாத்தியாரே, குளுருலேர்ந்து சூடு எடுக்கறதா? நாளைக்கி மொட்டப் பாறையில பால் கறப்பீங்க போல கீதே!"

"கெணத்துல தண்ணி கீழ கீது. மோட்டார் போட்டு மேல ஏத்தறோம். மோட்டாரா தண்ணிய உண்டு பண்ணுது? அதே மாதிரிதான். வெளிய காத்துல கொஞ்சம் சூடு கீது. இது அத்த உள்ள ஏத்துது."

அவர் தாடையைச் சொறிந்தார். "கெணத்துல தண்ணி கீழ போயிடுச்சின்னா?"

"மோட்டார் கஷ்டப்படும்."

"தண்ணியே இல்லன்னா?"

"மோட்டார் சும்மா கத்திக்கினு கெடக்கும்."

"அவ்ளோதானே?" என்றார். மூன்று மடிப்புப் பிரசுரம் பொடி எழுத்தில் சொன்னதை அவர் இரண்டு கேள்வியில் கேட்டு முடித்துவிட்டார். வெளியே குளிர ஆரம்பித்தால் இந்த மெஷினின் பெருமையும் குறைய ஆரம்பிக்கும். எப்போது சூடு அதிகம் வேண்டுமோ, அப்போதுதான் அதற்குக் கை இளைக்கும்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். வெளிக் காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு சி.ஓ.பி. ஏறும். சரி, வீட்டுக்கு வெளியே, குளிர்காலத்தில், வெதுவெதுப்பான காற்று எங்கே இருக்கிறது?

மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. எங்கள் மலையில் குளிர் வந்தால் முதலில் அடைப்பது மாட்டுக்குத்தான், மனிதனுக்கு இல்லை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் மூங்கில் தட்டி வைத்து, சந்து தெரியாமல் சாக்குத் தொங்கவிட்டு, கீழே சருகு பரப்பிவிடுவார்கள். உள்ளே மாடுகள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, விடியற்காலையில் நுழைந்தால் முகத்தில் இளஞ்சூடாக அடிக்கும். எங்கள் கொட்டகை படுக்கையறைச் சுவரை ஒட்டியே இருந்தது. இரண்டு மாடு, பிறந்து இருபது நாளான ஒரு கன்று. மின்சாரம் கேட்காத மூன்று ஹீட்டர்கள் என் சுவருக்குப் பின்னாலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அவுட்டோர் யூனிட்டைக் கொட்டகைக்குள் மாட்டச் சொன்னேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சார், அவுட்டோர்னா வெளியதான் சார் வெக்கணும். காத்தோட்டம் வேணும்."

"வெளிய காத்து இன்னா டிகிரி, உள்ள இன்னா டிகிரின்னு உனக்குத் தெரியுமா? முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தினவன் நான்."

"உங்க வூடு, உங்க மாடு. எனக்கு இன்னா வந்திச்சி" என்று அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். மாடு என் மனைவியுடையது என்பதை நான் திருத்தவில்லை. அவள் அன்றைக்குத் தங்கச்சி மகளுக்குச் சீர் கொடுக்க ஒடுகத்தூர் போயிருந்தாள்.

திரும்பி வந்து பார்த்தவள், "இது இன்னாத்துக்கு கொட்டாயில?" என்றாள். அறிவியல் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. என்னோடு வாழ்ந்ததில் எந்த இடத்தில் கேள்வியை நிறுத்தினால் பாடம் நின்றுபோகும் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

முதல் இரண்டு நாள் படுக்கையறை வெதுவெதுவென்று அரண்மனை மாதிரி இருந்தது. நான் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மணிக்கு மணி எழுதினேன். விடியற்காலைக்கு அலாரம் வைத்து, போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, இருபத்திமூன்று என்று எழுதிவிட்டு மறுபடி தூங்குவேன். பிரசுரத்தில் போட்டிருந்ததைவிட என் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனிக்காரனுக்கே கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். 'ஐயா, தங்கள் இயந்திரத்தை மாட்டுக் கொட்டகையில் வைத்தால்' என்று முதல் வரி மனதில் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கொட்டகையிலிருந்து அவள் கத்தியது சுவரைத் தாண்டி வந்தது. ஓடினேன். உள்ளே கால் வைத்ததும் முகத்தில் அடித்தது இளஞ்சூடு அல்ல. வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகமாக இருந்தது. தட்டியும் சாக்கும் போட்டு அடைத்த இடத்தில் இருந்த சூட்டை எல்லாம் மெஷின் இரண்டு நாளில் வழித்து என் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டது. போதாததற்கு, மாடுகளின் மூச்சு ஈரம் அதன் தகடுகளில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உறைபனி பிடித்தால் இந்த மெஷின் என்ன செய்யும் என்றால், வீட்டுக்குள் கொடுத்த சூட்டையே கொஞ்சம் திரும்ப வாங்கி அதை உருக்கிக்கொள்ளும். ஆக, மாட்டுக்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை. கன்று மூலையில் நாலு காலையும் ஒடுக்கிக்கொண்டு நடுங்கியது. பெரிய மாடு பாலை இறக்கவில்லை.

"நாலு மடங்கு சூடு, நாலு மடங்கு சூடுன்னீங்களே! அது யாரோட சூடுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அது ஒரு விதத்துல ரொம்பச் சரியான கேள்வி" என்றேன். "சி.ஓ.பி.யில அது வர்றதில்ல."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் தோளில் போட்டிருந்த கம்பளிச் சால்வையைக் கன்றின்மேல் போர்த்தி, முனைகளை வயிற்றுக்கடியில் முடிந்துவிட முயன்றாள். விரல் மடங்கவில்லை. மூன்று முறை நழுவியது. நான் கை நீட்டினேன். "தொடாதீங்க" என்றாள்.

மெக்கானிக்கை மறுபடி வரவழைத்து, அவுட்டோர் யூனிட்டை வீட்டுக்கு முன்புறம் திறந்தவெளியில் மாட்டினோம். அவர் சிரிப்பை அடக்குவதற்காக வேலை முடியும்வரை வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் அடக்கவில்லை. "இன்னா வாத்தியாரே, மாட்டுக்கு ஏசி போட்டீங்களாமே! நம்ம மாட்டயும் ரெண்டு நாள் அனுப்பட்டா, ஊட்டி பாத்தாப்ல இருக்கும்." டீக்கடையில் ஒருவர் என் மாடு எத்தனை ஸ்டார் என்று கேட்டார். கேட்டவர் என் பழைய மாணவர். பெயில் போட்டிருக்க வேண்டும்.

வெளியே மாட்டிய பிறகு எண் பிரசுரத்தில் இருந்த இடத்துக்கே இறங்கியது. ஆனால் நான் விடவில்லை. சி.ஓ.பி. என்பது மெஷினுக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்பது அப்போது புரிந்தது. ஓட்டைப் பானையில் எவ்வளவு நல்ல மோட்டார் வைத்து ஊற்றினாலும் நிற்காது. ஜன்னல் சந்துகளில் எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினேன். கதவுக்கடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். வெண்டிலேட்டருக்கு அட்டை அடித்தேன். மார்கழி பிறந்தபோது என் படுக்கையறையில் ஒரு சொட்டுக் குளிர் இல்லை. ஒற்றைப் போர்வையில் ஏழு மணிவரை தூங்கினேன். எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து, "ரூம் எப்டி கீது பாத்தியா?" என்று தினமும் அவளிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது" என்பாள்.

கை மட்டும் நல்லா இல்லை. பத்து நாளில் போன வருடத்தைவிட மோசமாக வீங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது, அவள்மேல் அல்ல, அந்த விரல்கள்மேல். இருபத்திமூன்று டிகிரி கொடுத்தும் அடங்காவிட்டால் என்ன நியாயம்? மெஷினின் அளவு போதவில்லையோ என்று அறையின் நீள அகலத்தை மறுபடி அளந்தேன். காற்று உலர்ந்துவிட்டதோ என்று ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தேன். இருபத்தைந்துக்கு ஏற்றிப் பார்த்தேன், வியர்த்தது. எனக்கு வியர்த்தது.

மார்கழி பாதியில் அவள் பையை எடுத்துவிட்டாள். பேருந்து நிறுத்தம் வரை நானும் போனேன். எங்கள் பக்கம் வண்டி குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை நாள் நிற்க வேண்டும். வண்டி வருவதற்குள் அவள் மனதை மாற்றிவிட வேண்டும் என்று கையில் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். ஒரு நாள்கூட இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை, பார், என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நிறுத்தத்தில் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். "நாலரை மணிக்கு இன்னா போட்டுக்கீது?"

"இருபத்தி மூணு."

"நாலரை மணிக்கு நான் எங்க இருந்தேன்?"

நான் நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் தராமல் தானே சொன்னாள்.

"வாசல்ல இருந்தேன். சாணி கரைச்சிக்கினு இருந்தேன். அப்பறம் கொட்டாயில மடி கழுவிக்கினு இருந்தேன். அப்பறம் கொழாயாண்ட நேத்து ராத்திரி நாம தின்ன பாத்திரம். நீங்க குளிக்க அண்டாவுல வெந்நீ வெச்சிட்டு, நான் பச்சத் தண்ணியில தேய்க்கறேன். ஏழு மணிக்கி எழுந்திரிச்சி வந்து ரூம் எப்டி கீதுன்னு கேக்கறீங்க. எனக்கு இன்னா தெரியும் ரூம் எப்டி கீதுன்னு? படுக்கும்போது பாத்ததுதான்."

அவள் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் காது அடைத்தது. அந்த நோட்டில் அறை எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு குளிர், மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது எல்லாம் இருந்தது. அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம்கூட நான் போடவில்லை. இத்தனை நாளும் நான் என்னைத்தான் சூடாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அட மடையா, அட மடையா என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன்.

"போகாத" என்றேன். "மெஷின வேணா வித்துடறேன்."

"மெஷின் இன்னா பண்ணிச்சி பாவம்" என்றாள். பேருந்து வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டாள். "மாட்டப் பாத்துக்கச் சொல்லி இந்தத் தடவ யார்கிட்டயும் சொல்லல. நீங்களே பாத்துக்கங்க. பத்து நாள் பாருங்க. அப்பறம் போன் பண்ணுங்க. மாட்ட விக்கறதா வேணாமான்னு அப்ப சொல்றேன்."

மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். அறைக் கதவைத் திறந்ததும் குளிர் மூக்கைப் பிடித்து இழுத்தது. வாளியில் கை விட்டேன். ஐயோ! சத்தமாகவே கத்தினேன். தண்ணீர் நனைக்கவில்லை, கடித்தது. சாணி கரைத்து வாசல் தெளிப்பதற்குள் மணிக்கட்டு வரை மரத்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலி ஓரத்தில் நின்று, நான் போட்ட கோலத்தைப் பார்த்தாள். கோலம் என்றால் ஒரு வட்டம். "அண்ணா, பூசணிப்பூ வெய்ங்க, எடுப்பா இருக்கும்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

படவேட்டில் சின்ன வயதில் பால் கறந்த கை என்பதால் மாடு உதைக்கவில்லை. ஆனால் மரத்த விரலால் காம்பைப் பிடித்தால் அதற்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையை என் அக்குளில் வைத்து வைத்துச் சூடாக்கிக் கறந்தேன். அப்புறம் குழாயடியில் உட்கார்ந்தேன். ஒரே ஆள் சாப்பிட்ட பாத்திரம், அதுவே முடியவில்லை. இரண்டு பேருக்கு, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நாலு பேருக்கு, விருந்தாளி வந்தால் எட்டு பேருக்கு அவள் தேய்த்திருக்கிறாள். நான் உள்ளே செய்தித்தாள் வரவில்லை என்று எரிச்சல்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். கையில் சாம்பலோடு அங்கேயே அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கூட அந்தக் கையை முகத்தில் வைக்க முடியவில்லை, அவ்வளவு ஜில்லென்று இருந்தது.

மூன்றாம் நாள் அண்டா பக்கத்தில் மூன்று கல் கூட்டி இன்னொரு அடுப்பு போட்டேன். பாத்திரத்துக்கு வெந்நீர், மடி கழுவ வெந்நீர், சாணி கரைக்கவும் வெந்நீர். இதற்கு எந்தப் பிரசுரமும் தேவைப்படவில்லை. இருபது வருடமாகத் தோன்றாத யோசனை, கை மரத்த இரண்டு நாளில் தோன்றிவிட்டது. இருந்தாலும் குளிர் விடுவதாயில்லை. வெந்நீரிலிருந்து எடுத்த ஈரக் கையைக் காற்று பிடித்துக்கொள்ளும். விரல் கணுக்களில் வெடிப்பு விட்டது.

போன் பண்ண வேண்டும் என்று தினமும் தோன்றியது. வெட்கம் பிடித்து நிறுத்தியது. பத்தாம் நாள் பண்ணினேன்.

"எப்டி கீது?" என்றாள்.

"கை எரியுது. நாலாவது வெரல் மடங்க மாட்டேங்குது."

"காலையில எத்தினி டிகிரி?"

"தெரில. பாக்கல."

பின்னால் அவள் தங்கச்சி யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "நாளைக்கி வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

மதிய வண்டியில் வந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போவாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று என் கையை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். விளக்கெண்ணெய் எடுத்துவந்து வெடிப்பில் எல்லாம் தடவிவிட்டாள். அவள் விரல்களும் வீங்கித்தான் இருந்தன, ஆனால் மடங்கின. மாட்டை விற்கிற பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இரண்டாவது அடுப்பை மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளைக்கி நான் எழுந்திரிக்கறேன்" என்றாள் சாப்பிடும்போது.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

"எத்தினி நாளைக்கி?"

"குளுரு போற வரைக்கும். அப்பறமும் பாத்துக்கறேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் நாலரைக்கு நான் எழுந்தபோது அவளுக்கும் விழிப்பு வந்துவிட்டது, பழக்கம். எழுந்து உட்கார்ந்தாள். படு என்றேன். படுத்துக்கொண்டாள். நான் வாசல் தெளித்து, கறந்து, தேய்த்து, பால் சொம்போடு உள்ளே வந்தபோது வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தது. அறை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் வாயை லேசாகத் திறந்துகொண்டு, வீங்கிய கைகள் இரண்டையும் போர்வைக்கு வெளியே போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில், விடிந்த பிறகு அவள் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.